வால்வுக்கு ஊதிய சங்கு

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓடும் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு புது ஊரைக் கண்டுபிடித்தார்கள். "டோல்கேட், தேரடி, சங்கு... சங்கு ஏறு" என்று கூவத் தொடங்கினார்கள். வரைபடத்தில் தேடினால் அப்படி ஓர் ஊர் அகப்படாது. மூடிக்கிடந்த உப்புக் கிடங்கு ஒன்றுக்குத்தான் அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் எண்ணூரிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் நெஞ்சைப் பிடித்தவர்களும், நெஞ்சைப் பிடித்தவர்களைப் பிடித்தவர்களுமாக அங்கே வந்து இறங்கினார்கள்.

உள்ளே சங்கு சித்தர் இருந்தார். இமயமலையில் பன்னிரண்டு வருடம் தவம் செய்தவர் என்று பேனர் சொன்னது. பேனரில் அவருக்குப் பின்னால் தெரிந்த மலையில் ஒரு கேபிள் கார் தொங்கியது. அந்தப் பன்னிரண்டு வருடமும் அவர் மாரியப்பன் என்ற பெயரில் டோல்கேட்டுப் பக்கம் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார் என்ற செய்தி, பேனரில் இடம் போதாமல் விட்டுப்போனது.

மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் ஊரில் போட்டி அதிகம். சித்தர் இதயத்தை எடுத்துக்கொண்டார். மேடையில் வேப்பிலை கட்டியிருந்தது. மெழுகுவத்தி எரிந்தது. ஊதுபத்தி ஒரு பக்கம், சாம்பிராணி ஒரு பக்கம். ஒரு கடவுள் கோபித்துக்கொண்டாலும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாடு. காணிக்கைக்கு மனம் இருந்தால் போதும் என்பார் சித்தர். மனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று வாசலில் போர்டு வைத்திருந்தார்கள்.

இந்தக் கூட்டத்தில் வந்து நிற்கக்கூடிய ஆளே இல்லை பக்ருதீன். முப்பது வருடமாக லாரி மெக்கானிக். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி எதுவாக இருந்தாலும் ஒன்றரை அடி ரப்பர் ஹோஸின் ஒரு முனையை இஞ்சினில் வைத்து, மறு முனையைக் காதில் வைத்து, எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்த ஹோஸ் எப்போதும் கழுத்தில் தொங்கும். ஷெட்டில் அவருக்கு டாக்டர் பாய் என்று பெயர். ஜமாத்தில் ஒருவர், "சங்கு ஊதுற எடத்துல உனக்கு இன்னா பாய் வேல?" என்று கேட்டதற்கு, "அது மதம் இல்ல பாய், மெக்கானிசம்" என்று பதில் சொன்னவர்.

அவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது ஒரு சத்தம்.

மனைவி ரஹீமுன்னிசாவுக்குச் சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் முட்டியில் தொடங்கி இதயத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. வால்வு கெட்டுப்போய், மூன்று வருடத்துக்கு முன்னால் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் நெஞ்சில் ஒரு சின்னக் கடிகாரம் ஓடியது. டிக், டிக், டிக். வீட்டு மின்விசிறி நின்றால் அறை முழுக்கக் கேட்கும். வாயைத் திறந்தால் இன்னும் நன்றாகக் கேட்கும்.

வார்டில் நர்ஸ் நான்கு விஷயம் சொல்லி அனுப்பினார். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. மாசாமாசம் ரத்தப் பரிசோதனை. பல் பிடுங்கப் போனால்கூட வால்வு வைத்திருப்பதை முதலில் சொல்ல வேண்டும். நான்காவது, அந்தச் சத்தம் இயல்பானது, பயப்பட வேண்டாம். முதல் மூன்றையும் பக்ருதீன் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நான்காவதை மட்டும் அவரது முப்பது வருட அனுபவம் ஏற்க மறுத்தது.

ஏனென்றால் இந்தப் பகுதியில் வால்வு என்ற சொல் தெரியாதவன் கிடையாது. எண்ணூர் ஆலைகளில் பாதிப் பேர் பிட்டர், மீதிப் பேர் பிட்டரின் மச்சான். வால்வு என்றால் வாய் மூடி வேலை செய்ய வேண்டும். சத்தம் போடும் வால்வு கெட்ட வால்வு. சித்தர் முதல் கூட்டத்திலேயே அந்த இடத்தில் கை வைத்தார்.

"உங்க வண்டியில வால்வு தட்டினா சும்மா விடுவீங்களா?"

"மாட்டோம்" என்றது கூட்டம்.

"உங்க சம்சாரம் நெஞ்சுல தட்டினா மட்டும் எப்படி விடுறீங்க? தட்டுறது வால்வு இல்ல. உள்ள உக்காந்து உங்க ஆயுச எண்ணுது ஒரு துஷ்டம். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுது. அத அடக்கணும்."

இருபது பிட்டர்கள் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். படித்த தொழிலே ஒருவனை ஏமாற்றும் என்றால் அதற்கு மேல் சித்தர் எதற்கு உழைக்க வேண்டும்?

மருத்துவமும் எளிது. ஞாயிறுதோறும் நெஞ்சில் வைத்துக் கேட்டு ஒரு சங்கு. தினமும் காலையில் முருங்கைக் கீரை அரைத்த பச்சைத் தீர்த்தம் ஒரு செம்பு. ஆஸ்பத்திரி மாத்திரையை அடியோடு நிறுத்த வேண்டும். "அது எலி மருந்துடா மகனே. எலிய கொல்ற சரக்க உன் பொண்டாட்டிக்கு குடுக்குறாங்க" என்றார் சித்தர். பக்ருதீன் செல்போனில் தேடிப் பார்த்தார். அந்த மருந்தை எலிக்கும் வைப்பது உண்மைதான் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த ஆறு பத்தியை அவர் படிக்கவில்லை. அரை உண்மை கிடைத்தவனுக்கு மீதிப் பாதி எதற்கு?

மாத்திரை நின்று இருபத்திநாலு நாள் ஆனது.

*

இருபத்தைந்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. புளியந்தோப்புக் குடியிருப்பின் மூன்றாவது மாடியிலிருந்து ரஹீமுன்னிசா இறங்கிவந்தாள். இறங்குவதற்கே இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டாவது தடவை உட்கார்ந்தபோது கீழிருந்து ஞானசெல்வி ஏறி வந்தாள்.

ஞானசெல்வி ராயபுரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் எபினேசரின் மனைவி. நாசரேத் பக்கத்துக்காரி. மூன்று வருடத்துக்கு முன்னால் ரஹீமுன்னிசாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள், அதே வாரம் அதே மாதிரி வால்வு வாங்கியவள். வார்டில் இருவருக்கும் கடியாரக்காரிகள் என்று பேர். மாதத்தில் முதல் செவ்வாய் இருவரும் சேர்ந்துதான் ரத்தம் கொடுக்கப் போவார்கள். இந்த மாதம் ரஹீமுன்னிசா வரவில்லை. போன் செய்தால் பக்ருதீன் எடுத்து, "தூங்குறா" என்றார். நாலு தடவையும் தூங்கினாள்.

"என்ன ரஹீமா, படியில உக்காந்து மூச்சு வாங்குத?"

"துஷ்டம் எறங்குது செல்வி. அது போறப்போ அப்டித்தான் மூச்ச இழுக்குமாம்."

ஞானசெல்வி பக்ருதீனைப் பார்த்தாள். அவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மறைக்க அவருக்கு ஒன்றும் இல்லை. சந்தோஷமாகவே சொன்னார்.

"நீயும் வாம்மா. சத்தியமா கொறஞ்சிடுச்சி. சங்குல மட்டும் இல்ல, வூட்லயும் கேட்டேன். முன்னாடி அந்த ரூமுக்கு கேக்கும். இப்போ முதுகுல காத வச்சாத்தான் லேசா கேக்குது. பத்து நாளா."

ஞானசெல்வியின் முகத்தில் கேலி இருந்த இடம் காலியானது.

"அண்ணே, ஆட்டோவ ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

"எதுக்கு?"

"சத்தம் கொறஞ்சா ஓடி வரணும்னு எங்களுக்கு சொல்லிருக்காவ. கடியாரம் நின்னா நேரம் நல்லாருக்குன்னா அர்த்தம்?"

"ஒனக்கு கெடைக்கலன்னு பேசாதம்மா" என்றார் பக்ருதீன். "இன்னிக்கு கடேசி சங்கு. முடிச்சிட்டு போலாம்."

"இவ்ளோ நாளு வந்துட்டேன் செல்வி. இன்னிக்கு ஒரு நாளு" என்றாள் ரஹீமுன்னிசா. நான்கு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்தி மூச்செடுத்தாள்.

ஞானசெல்வி ஆட்டோவில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அங்க மொதல் சங்கு எனக்கு ஊதட்டும், பலிக்கலன்னா நேரா ஆஸ்பத்திரி. கடைசி சங்குக்கெல்லாம் நான் காத்துக் கெடக்க மாட்டேன்" என்றாள். வழி முழுக்கத் தோழியின் தோளில் காதை வைத்துக்கொண்டே வந்தாள். ஆட்டோ சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

*

கிடங்கில் கூட்டம் நிரம்பியிருந்தது. சித்தர் ரஹீமுன்னிசாவைப் பார்த்ததும் மலர்ந்தார். அவள்தான் இந்த மாதத்தின் அதிசயம். மேடையில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்.

"சாமி, மொதல்ல எனக்கு பாருங்க" என்று ஞானசெல்வி மேடையில் ஏறினாள். "எனக்கும் வால்வுதான். நல்லா தட்டும்."

புது நோயாளியைக் கண்டால் எந்த வைத்தியன் வேண்டாம் என்பான்? சிவப்புக் கயிறு கட்டிய சங்கை எடுத்தார் சித்தர். அகன்ற வாயை அவள் நெஞ்சருகே பிடித்து, நுனித் துளையை முன்வரிசைக்காரர் ஒருவரின் காதில் வைத்தார்.

"டிக் டிக்குன்னுது சாமி" என்றார் அவர் பயந்துபோய்.

சித்தர் கண்ணை மூடினார். முணுமுணுத்தார். மேடையைச் சுற்றி மூன்று தடவை சங்கு ஊதினார். பிறகு மஞ்சள் கயிறு கட்டிய சங்கை எடுத்து அதே நெஞ்சில் வைத்து, அதே ஆளின் காதில் கொடுத்தார்.

"இப்ப?"

"ஒண்ணும் கேக்கல சாமி."

கூட்டம் கைகூப்பியது. பக்ருதீனும் பெருமையோடு பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். 'நான் சொல்லல?' என்பது போல.

"ரெண்டு வார்த்த நன்றி சொல்லிக்கிடுதேன் சாமி" என்று ஞானசெல்வி மைக்கை வாங்கினாள். வாயருகே வைத்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் பேசவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பழைய மைக்செட்காரர் அல்லவா, சித்தர் நல்ல சாமான் வாங்கி வைத்திருந்தார். நான்கு மூலை ஸ்பீக்கரிலிருந்தும் வந்தது: டிக், டிக், டிக், டிக்.

சித்தர் ஒரு நொடிதான் தடுமாறினார்.

"பாத்தீங்களா? நெஞ்சுல இருந்தது வாய்க்கு வந்துடுச்சு. வெளிய போகுது."

கூட்டமும் "ஆமாம் ஆமாம்" என்றது. நம்புவது என்று முடிவெடுத்துவிட்ட கூட்டத்துக்குச் சாட்சி எந்தப் பக்கம் பேசினாலும் ஒன்றுதான். பின்வரிசையில் ஒருவர் துஷ்டம் தன்மேல் ஏறிவிடாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

ஞானசெல்வி இடுப்புப் பையைத் திறந்தாள். அதில் மாத்திரை டப்பா, ஆஸ்பத்திரி அட்டை, சாவி கொடுத்து ஓட்டும் ஒரு சின்ன டைம்பீஸ் மூன்றும் எப்போதும் இருக்கும். செல்போனில் சார்ஜ் தீரும், டைம்பீஸில் தீராது என்பது அவள் கட்சி. மாலை ஆறு மணிக்கு அது அடித்தால் மாத்திரை. அதைச் சித்தரின் முன்னால் நீட்டினாள்.

"சாமி, இதுக்குள்ளயும் ஒண்ணு உக்காந்து எண்ணுது. இதுக்கும் பாத்துருங்க."

"விளையாடாத தாயி."

"வெளையாடல சாமி" என்றாள். சிவப்புக் கயிற்றுச் சங்கைத் தானே எடுத்து டைம்பீஸின்மேல் கவிழ்த்து முன்வரிசைக்காரரின் காதில் வைத்தாள். "என்னண்ணே கேக்கு?"

"டிக் டிக்குன்னுது."

மஞ்சள் கயிற்றுச் சங்கை வைத்தாள். "இப்ப?"

அவர் சித்தரைப் பார்த்தார். ஞானசெல்வியைப் பார்த்தார். "கேக்கல" என்றார் மெதுவாக. "ஆனா முள்ளு ஓடுதே."

யாரோ சிரித்தார்கள். ஞானசெல்வி மஞ்சள் சங்கைக் கையில் வைத்து எடை பார்த்தாள். தராசோடு பிறந்த கை அது.

"எங்க ஊருல தராசுத் தட்டுக்கு அடியில புளி ஒட்டி எடை நிறுக்கவங்க உண்டு. எங்கப்பா கையில எடுத்தாலே சொல்லிப்புடுவாரு. இந்தச் சங்கு கனக்கு." சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றித் துளைக்குள் விட்டு நெம்பினாள். சுண்டுவிரல் நீளத்துக்கு மெழுகு உருண்டு மேடையில் விழுந்தது. "துஷ்டம் விழுந்துட்டு சாமி. சர்ச்சு மெழுகுவத்தி மாதிரி இருக்கு."

இப்போது கிடங்கே சிரித்தது. "யோவ், இது நம்ம மைக்செட்டு மாரியப்பன்யா. என் தங்கச்சி கல்யாணத்துல ரெண்டு டியூப்லைட்ட ஒடச்சிட்டு போனவன்" என்று ஒருவர் எழுந்தார். இத்தனை ஞாயிறும் அவர் இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். காவி கட்டினால் கண்ணுக்கு மறைந்துவிடும் முகம் போலிருக்கிறது.

மாரியப்பன் கைகளை உயர்த்தினார். வியர்த்திருந்தது. ஆனால் அவரிடம் கடைசியாக ஒரு சரக்கு இருந்தது.

"சங்க விடுங்க. சங்கு ஒரு அடையாளம். நாற்காலியில இருக்குற இந்தத் தாய்க்கு நெஜமாவே அடங்கலையா? அவங்க வூட்டுக்காரரு இங்கதான் இருக்காரு. காதால கேட்டவரு. கேளுங்க அவர."

எல்லாத் தலையும் பக்ருதீன் பக்கம் திரும்பின.

அவர் மெழுகைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. அது பத்து நாளாகவே வெளுத்துத்தான் இருந்தது. அவர் பத்து நாளாகக் காதைத்தான் வைத்திருந்தார், கண்ணை வைக்கவில்லை.

மேடை ஏறினார். கழுத்திலிருந்த ஹோஸைக் கழற்றினார். ஒரு முனையை ஞானசெல்வியிடம் நீட்டினார். அவளே அதைத் தன் நெஞ்சருகே பிடித்துக்கொண்டாள். மறு முனையைக் காதில் வைத்தார். டிக், டிக். புதுப்பூட்டு விழுவது போல வெட்டு வெட்டாக வந்தது. சங்கு ஊதி அடக்கப்பட்ட சத்தம் அதுதான்.

அடுத்து ரஹீமுன்னிசா.

வெகு நேரம் கேட்டார். சாக்குக்குள் போட்டுத் தட்டுவது போல இருந்தது. அதுவும் ஒழுங்காக இல்லை. இப்படி ஒரு சத்தத்தை அவர் ஷெட்டில் நூறு தடவை கேட்டிருக்கிறார். அழுக்கு சேர்ந்து, மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் ஒட்டிக்கொள்ளும் வால்வு அப்படித்தான் பேசும். அப்படி ஒரு லாரியைக் கொண்டுவருபவனும் "சத்தம் கொறஞ்சிடுச்சி பாய், நல்லா ஓடுது" என்றுதான் சொல்வான். அவனை அவர் என்ன வார்த்தை சொல்லித் திட்டுவார் என்பது அவருக்கே தெரியும்.

"இன்னாங்க," என்றாள் ரஹீமுன்னிசா, "கொறஞ்சிருக்கா?"

"கொறஞ்சிருக்கு" என்றார் பக்ருதீன். "எந்திரி. போலாம்."

அவளைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினார். கூட்டம் வழிவிட்டது. மாரியப்பனின் ஒரே நிஜமான அற்புதம் கதவைத் தாண்டிப் போனது.

*

"சத்தம் எப்ப கொறைய ஆரம்பிச்சது?" என்று கேட்டார் அவசரப் பிரிவில் இருந்த டாக்டர். மகிமா என்று பெயர்ப்பட்டையில் இருந்தது.

"பத்து நாளா சந்தோசமா கீறேன் டாக்டர்" என்றார் பக்ருதீன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். திட்ட நேரம் இல்லாததால் திட்டவில்லை. வால்வின் இரண்டு தகட்டில் ஒன்றில் ரத்தம் கட்டி உறைந்து, தகடு பாதிதான் அசைகிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார். கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றுவதாகவும், கரையாவிட்டால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டிலும் ஆபத்து இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வராந்தாவில் பக்ருதீன் கேட்டார்: "எலி மருந்துன்னு சொன்னானேம்மா."

"எலிக்கு ரத்தம் எடுத்து அளவு பாத்தா வைக்காவ?" என்றாள் ஞானசெல்வி. "நமக்கு மாசாமாசம் பாத்து அரை மாத்திரையக் கூட்டிக் கொறைக்காவ. உப்பு கூட அளவு மீறுனா கொல்லும். நீங்க இஞ்சினுக்கு ஆயில் ஊத்தாம ஓட்டுவியளா?"

"இஞ்சின் சீஸ் ஆயிடும்."

"அதான் ஆயிருக்கு."

"அப்போ அந்தக் கீர?" என்றார் அவர்.

"கீரை மேல என்ன தப்பு? நானும் திங்கேன். வாரம் வாரம் ஒரே அளவு. நேத்து வரைக்கும் தொடாம இன்னைக்கு செம்பு செம்பா குடிச்சா, மாத்திர போட்டாலும் வேலை செய்யாது. இவளுக்கு மாத்திரையும் இல்ல, அதுக்கு மேல செம்பு வேற."

மூன்றாம் நாள் காலையில் வார்டில் மின்விசிறியை யாரோ நிறுத்தினார்கள். சிவந்தி என்ற நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். அறையில் சத்தம் கேட்டது. முதலில் லேசாக. பிறகு பூட்டு விழுவது போல, வெட்டு வெட்டாக. பக்ருதீன் வாசலுக்குப் போய் நின்றுகொண்டு முகத்தைத் துண்டால் துடைத்தார். மூன்று வருடமாக அவர் எந்தச் சத்தத்தை நிறுத்தத் துடித்தாரோ அதற்கு இப்போது காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"ரொம்ப சத்தமா கீதா?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள் ரஹீமுன்னிசா.

"கொஞ்சம் சத்தமா வையேன்" என்றார்.

*

உப்புக் கிடங்கு மறுபடி மூடிக்கொண்டது. போலீஸ் வந்தபோது மாரியப்பன் இல்லை. மேடையில் மெழுகு இருந்தது, ஸ்பீக்கர் இருந்தது. அன்றைக்கு வந்தவர்களில் சிலர் மாத்திரை அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சிலர் மீதமிருந்த பச்சைத் தீர்த்தத்தைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். சித்தர் போலி என்றாலும் தீர்த்தம் வீணாகக் கூடாது அல்லவா.

ஊர்ப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் பக்ருதீன் ஷெட்டிலிருந்து கிளம்பினார். சட்டைப்பையில் ஞானசெல்வி வாங்கிக்கொடுத்த டைம்பீஸ். ஷேர் ஆட்டோ வந்து உரசி நின்றது. "இன்னா டாக்டர் பாய், சங்குக்கா?" என்றான் டிரைவர் சுஃபியான்.

"அவசரப்படாத மாமு" என்றபடி ஏறி உட்கார்ந்தார் பக்ருதீன். "நம்மூர்ல சங்கு எதுக்கு ஊதுவாங்கன்னு தெரியும்ல? அத்தத் தேடிக்கினு நாம போவ வேணாம். நேரம் வந்தா அதுவே தேடிக்கினு வரும். டோல்கேட்ல எறக்கி வுடு, மருந்துக்கட மூடிருவான்."

வண்டி நகர்ந்தது. பின்சீட்டில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், எண்ணூரில் விளக்கெண்ணெய் தடவியே சிறுநீரகத்தை மாற்றிவைக்கும் ஒரு சாமியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். பக்ருதீன் டோல்கேட் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கியதும் பின்சீட்டுப் பக்கம் வந்து, கதை கேட்டுக்கொண்டிருந்தவரிடம் குனிந்தார்.

"தோஸ்து, காதக் குடுத்து நல்லாத்தான் கேக்குற. நானும் ஒரு காலத்துல அப்டித்தான் கேட்டேன். ரெண்டு காதுக்கும் நடுவுல ஒண்ணு வச்சி அனுப்பிகீறாங்க. அது ஓடுதா, இல்ல மெழுகு வச்சி அடச்சிகீதான்னு அப்பப்போ தட்டிப் பாரு."